பகலில் வந்த போர்வைகள்

ஒன்பதாவது வரை படித்தவன் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். பேசக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

வெண்ணந்தூர் பேருந்து நிற்கும் இடத்தில் படுத்திருந்த பெரியவர் மார்கழிக் குளிரில் இறந்துபோனார். அவருக்குப் பக்கத்தில் படுக்கும் வயதான அம்மாவும் இப்படிப் போய்விடுமோ என்று, எதிரே டீக்கடை வைத்திருக்கும் எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளையாக அரசு விரைந்தது. பட்டப்பகலில் ஓர் அதிகாரி போர்வைகளோடும் போட்டோகிராபரோடும் வந்து இறங்கினார்.

"வீடில்லாதவங்க எல்லாம் எங்கீங்க?"

"பழைய இரும்பு பொறுக்கப் போயிருக்காங்க சார். ராத்திரிதானுங்க வருவாங்க."

"ராத்திரி நமக்கு டூட்டி இல்லீங்களே. நீங்களே உக்காருங்க. தலைய மட்டும் குனிஞ்சுக்குங்க."

குனிவது எனக்குப் பழக்கம்தான். என்மேல் ஒரு போர்வையைப் போர்த்தி எடுத்த படம் நன்றாக வந்ததாம். மிச்சப் போர்வைகள் ஜீப்பிலேயே திரும்பிப் போயின.

"இனி இங்க ஒருத்தரும் சாகக்கூடாதுங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அதிகாரியும் ஏறிக்கொண்டார்.

இரவு அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி என் போர்வையைக் கொடுத்தேன்.

"ஏஞ்சாமி, உனக்கும் ஊடு இல்லீன்னு சொல்லவே இல்லியே?" என்று சிரித்தபடி போர்த்திக்கொண்டது.

மறுநாள் பேரூராட்சி ஆட்கள் வந்து அந்த இடம் முழுக்கப் பூந்தொட்டிகளை அடுக்கினார்கள். அந்த அம்மா போர்வையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனது.