லியோன் நகரத்துக் குதிரைகள்

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய குளிர் நாட்டில், வில்லரேயில், எங்கள் வீட்டு அடுப்படி மேசைதான் மகள் படிக்கும் இடம். போன மாசியில் அவள் பிரான்சின் லியோன் நகரத்துப் பெரிய நீரூற்றின் வரலாற்றைச் சொன்னாள். பொர்தோ நகரம்தான் முதலில் அதைச் செய்யக் கேட்டதாம்; பிறகு எடுக்கவில்லை. லியோன் வாங்கிக்கொண்டது.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற என் கணவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப லியோன்தான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது. பேந்து?"

"அது நிண்ட சதுக்கத்துக்குள்ளயே வேற இடத்துக்கு மாத்தினவை, அப்பா."

"நாங்களும் வீடு மாறினனாங்கள்தானே."

மகள் ஒரு படத்தைக் காட்டினாள். குளிர்காலத்தில் எடுத்தது. நீரூற்றின் நான்கு குதிரைச் சிலைகளுக்கும் மூக்கிலிருந்து பனிக்கட்டி தொங்கியது. இவர் கிட்டப் பார்த்தார்.

"பாவங்கள். இவ்வளவு காலமாகியும் குளிர் பழகேல்லை."

நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். சொன்னவர் வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.