நான் சித்தியடைந்த ஜப்பானியப் பரீட்சை

நான் பொய் சொன்னேன். ஜப்பானிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு, எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சொன்னது என் மச்சாள் யசோவிடம். இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவளுக்கு இன்னமும் தெரியாது.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். தோற்றவர்கள்தானே வென்றதாகப் பொய் சொல்வார்கள்! வென்றவள் தோற்றதாகச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்... பொறுங்கள்.

உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது. நம் நாட்டில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்று உங்களுக்கும் தெரியும். என்னோடு படித்தவர்கள் தையல் பழகினார்கள், கணினி வகுப்புக்குப் போனார்கள். நான் போனில் ஜப்பானிய மொழி படித்தேன். ஏன்? காரணமே இல்லை! ஒரு சமையல் காணொளியில் ஒரு பெண் கத்தரிக்காய் வாட்டிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் இரண்டு எழுத்து வரிசைகளும் கைக்கு வந்துவிட்டன. வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றிலும் ஜப்பானியப் பெயர் எழுதி ஒட்டினேன்.

“சோத்துப் பானையில என்னடி பூச்சி கீறி ஒட்டி வெச்சிரிக்காய்?” என்று அம்மா கத்தினார்.

“அது பூச்சி இல்லம்மா. பானையெண்டு எழுதியிரிக்கன்.”

“பானையில பானையெண்டு எழுதாட்டி எனக்குத் தெரியாதா?”

அந்தப் பூச்சிகளைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் யசோ. என் மாமாவின் மகள். நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையிலேயே அவர்களும் இருந்தார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணப் பேச்சு எடுக்க முன்னரே அவள் பெயரில் ஒரு வீடு எழும்ப வேண்டும். யசோவுக்கென்று தொடங்கிய வீடு யன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டிருந்தது. வாவியில் வலை வீசிப் பிழைக்கும் மாமாவால் அதற்கு மேல் ஒரு கல் வைக்க முடியவில்லை.

“ஜப்பான்ல வயசானவங்களப் பாத்துக்கொள்ற வேலை இரிக்காம், மிது. பாஷை தெரிஞ்சாத்தான் எடுப்பாங்களாம். எனக்கும் சொல்லித் தாகா” என்றாள்.

எனக்கு விளையாட்டு. அவளுக்கு அது கூரை. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேரே வாவிக்கரைக்கு வருவாள். மாமாவின் தோணிக்குப் பக்கத்தில் இருந்து படிப்போம். பத்து நிமிடத்தில் எனக்குப் பிடிபடுவது அவளுக்கு மூன்று நாள் எடுக்கும். ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் அவள் விடமாட்டாள்! எனக்கோ அடுத்த கிழமையே மறந்துபோகும். ஜப்பானியர்கள் மீனை எண்ண ஒரு விதம், ஆளை எண்ண ஒரு விதம், காகிதத்தை எண்ண இன்னொரு விதம் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது மாமாவைப் பார்த்துக் கேட்டாள்: “கேட்டீங்களா அப்பா? இவங்கட ஊருல எண்ணி முடியக்குள்ள மீன் நாறிப் போயிரும்!” மாமா வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

நான் அவளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தேனா, எதிலும் நிலைத்து நில்லாத என்னை அவள்தான் ஓரிடத்தில் இருத்தி வைத்தாளா... தெரியாது. என் வாழ்க்கையில் அப்படியான பின்னேரங்கள் அதன் பிறகு வரவில்லை.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. “தனியப் போக ஏலா. நீயும் எழுது, துணைக்கு” என்றாள். எழுதினேன். இரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட்டது நான். இரண்டு பேரின் இலக்கங்களும் என் போனில்தான் இருந்தன.

பெறுபேறு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் என்னுடையதைப் பார்த்தேன். சித்தி! துள்ளிக் குதித்தேன். பிறகு அவளுடையதைப் பார்த்தேன். இல்லை. நான்கே நான்கு புள்ளி குறைவு.

அந்த நேரம் பார்த்து அவள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே சம்பல். என் முகத்தைப் பார்த்தாள். கிழங்குக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“எனக்கு இல்ல. என்ன?”

தலையாட்டினேன்.

“உனக்கு?”

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஒழுங்கு உண்டு. பரீட்சை முடிவு வரும் நாளில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருந்தாலும் கேக் வெட்ட மாட்டார்கள். வாய்விட்டுச் சிரிக்கக்கூட மாட்டார்கள். அப்படித்தான் வளர்ந்தேன். அன்று அந்தக் கேள்விக்கு என் வாய் யோசிக்கவே இல்லை.

“எனக்கும் இல்ல மச்சாள்.”

அவள் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா! ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தோற்றவள் என்னைத் தேற்றினாள்! “அழாதகா. நீ என்ன, வேணுமெண்டா படிச்ச? எனக்காகத்தானே வந்த” என்று தன் சட்டையாலேயே என் கண்ணைத் துடைத்தாள். நான் அழுதது உண்மை. எதற்காக அழுதேன் என்பதுதான்...

“எத்தின மார்க்ஸாம்?”

“அதெல்லாம் காட்டல்ல.”

இது இரண்டாவது பொய். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான்கு புள்ளி என்று காட்டியிருந்தால், “உன்டயக் காட்டு” என்று கேட்டிருப்பாள். என் பொய்யைக் காப்பாற்ற, அவளுக்கு உரிய நான்கு புள்ளிச் செய்தியை மறைத்தேன். வாசலுக்கு நான்கு அடி தூரத்தில் நின்றவளை, வாசலே இந்தப் பக்கம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இருவரும் கிழங்கைச் சாப்பிட்டோம். சிரித்தோம் கூட. கை கழுவும்போது அவள் சொன்னாள்:

“உனக்கே வரல்லயெண்டா எனக்கெல்லாம் எங்க மிது வரப்போகுது! விடுவம்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருமுறை வாய் திறந்தால் போதும். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் கொப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் ஏஜென்ட் ஒருவர் மாமா வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த மாதம் யசோ ஓர் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வேனில் ஏறுமுன் என் கன்னத்தைக் கிள்ளி, “கெம்பஸ் போனதும் எங்கள மறந்திராத” என்றாள். அப்போதும் சொல்லவில்லை. விமானம் ஏறப் போகிறவளிடம் சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் அது அன்புதானா? எத்தனை முறை என்னையே கேட்டிருப்பேன்! நான்கு புள்ளிதான் என்று தெரிந்திருந்தால் மறுபடி எழுதிச் சித்தியடைந்து என்னை விட்டுப் போயிருப்பாள். அந்தப் பின்னேரங்கள் முடிந்திருக்கும். அந்தப் பயம் என் பொய்க்குள் ஒரு துளியாவது இருந்ததா? இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தபாலில் வந்த சான்றிதழை உறையோடு அலுமாரிக்குள் தள்ளினேன். அந்த மொழியை அன்றோடு விட்டுவிட்டேன். போனில் ஜப்பானியக் குரல் ஏதும் கேட்டால் விரல் தானாகவே அதைத் தள்ளிவிடுகிறது. சும்மா படித்ததுதானே, சும்மா விட்டால் என்ன? அப்படி விடக்கூடிய வசதி எனக்கு இருந்தது... அவளுக்கு?

போன வெள்ளிக்கிழமை யசோ அழைத்தாள். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரம்மா இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறாராம். பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

“ஒண்டு கேப்பன், மிது. உண்மையச் சொல்லு. நான் ஊருக்கு வந்து மறுகா ஜப்பான் படிச்சா எனக்கு வருமா?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“வரும் மச்சாள். கட்டாயம் வரும்!”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவளிடம் இதைப்பற்றிச் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான்.  அவள் சிரித்தாள். பழைய சிரிப்புத்தான், ஆனால் களைத்திருந்தது.

“என்ட மனம் நோகக்கூடாதெண்டு சொல்றாய். உன்ன எனக்குத் தெரியாதா? உன்னாலயே ஏலாமப் போன ஒண்டு...”

“இல்ல மச்சாள், நான்...”

‘நான்’ வரை வந்தேன். நம்புங்கள், அதுவரை வந்தேன்! அங்கே யாரோ உரத்துக் கூப்பிடும் சத்தம் கேட்டது. “மேடம் கூப்பிடுறா. வெக்கிறன்” என்றாள்.

திருப்பி அழைத்திருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் அவளுடைய குரல் செய்தி வந்தது.

“நிக்கிறனெண்டு சொல்லிட்டன்கா. ரெண்டு வருசம்தானே, ஓடிரும். நீ ஒண்டும் யோசியாத. வடிவாப் படி.”

மூன்று முறை கேட்டேன். பிறகு, “ஓம் மச்சாள்” என்று எழுதி அனுப்பினேன்.