கோர்ட்டுக்குள் சார் கிடையாது

விழுப்புரத்தில் எங்கள் ஆலையின் கூடைப்பந்து அணிக்கு எட்டு வருடம் பாயிண்ட் கார்டாக ஆடினேன். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்திச் சொல்லி, கூடைக்குப் பக்கத்தில் நிற்பவர் கையில் பந்தைச் சேர்ப்பது என் வேலை. எண்பதுகளின் நடுவில் என் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. மேனேஜர் கூப்பிட்டு, "உன் எடத்துக்கு ஒரு பையனத் தயார் பண்ணுப்பா" என்றார்.

திண்டிவனத்திலிருந்து ஒருவன் வந்தான். பத்தொன்பது வயது. சர்ச் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிப் பழகியவன். ஆலையில் அவனுக்குத் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். காலை பஸ்ஸில் வருவான். வேலை முடிந்ததும் என்னோடு இரண்டு மணி நேரம் பயிற்சி. பிறகு மறுபடி பஸ்.

அவன் வலது கையை இடுப்போடு துண்டால் கட்டிவிட்டு, இடது கையால் மட்டும் பந்தைத் தட்டவைத்தேன். தட்டும்போது கீழே பார்க்காமல், நான் நீட்டும் விரல்களை எண்ணிச் சொல்ல வேண்டும். மூன்றே மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

குரல் மட்டும் வரவில்லை. எங்கள் சென்டர் ஆட்டக்காரர் ஆறடிக்கு மேல் உயரம். கூடைக்குக் கீழே அவரை விட்டால் ஆள் இல்லை. பகலில் பையன் வேலை செய்த பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கோர்ட்டில் ஓர் இடம் காலியானால் இவன், "சார், கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க சார்" என்பான். சொல்லி முடிப்பதற்குள் எதிராளி அங்கே வந்து நின்றிருப்பான்.

"கோர்ட்டுக்குள்ள சார் கிடையாதுடா. லெஃப்ட்டுன்னு கத்து, அவ்ளோதான்."

"எப்டி சார்? காலைல அவருகிட்டதான போய் நிக்கணும்?"

"அத நான் பார்த்துக்கறேன். நீ கத்து."

எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வாரம் காலி கோர்ட்டில் நிறுத்தி அவனைக் கத்தப் பழக்கினேன்.

அடுத்து வந்த போட்டியில், கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சென்டர் ரெஃப்ரியிடம் வாதாடிக்கொண்டு நின்றார். பந்தோடு ஓடிவந்த பையன், "இன்னாய்யா நின்னுக்கினு இருக்கே? உள்ள ஓடு!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அவர் ஓடினார். பந்து சரியாக அவர் கையில் போய் விழுந்தது. ஜெயித்தோம். ஒரு பாயிண்ட் கார்டை உருவாக்கிவிட்டோம் என்று நான் பூரித்துப்போனேன். சென்டர் மற்ற எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அடுத்த நீட்டிப்புப் பட்டியலில் பையன் பெயர் இல்லை. நான் சென்டரிடம் போனேன்.

"ஆட்டம் நல்லாத்தான் ஆடறான். வேலைல மரியாத தெரியல. உனக்கு இன்னா அதுல?" என்றார்.

நான்தான் கத்தச் சொன்னேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. ஆட்டம் நின்ற பிறகு ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு வேண்டியிருந்தது. அதற்கும் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லீங்க" என்று வந்துவிட்டேன்.

கடைசி நாள் பையன் அணி பனியனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"எனக்காகக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன்டா. முடியாதுன்னுட்டாரு."

"பரவால்ல சார். நீங்க கேட்டதே போதும்."

நம்பினான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் இரண்டு பேர் வந்தார்கள். இடது கை, கால் நகர்த்தல், பாஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கத்தச் சொல்லவில்லை. இருவரும் பணிவானவர்கள், இருவருக்கும் நீட்டிப்பு கிடைத்தது. முதல் சுற்றிலேயே தோற்று வந்தோம். பிறகு ஆலை அணியையே கலைத்துவிட்டார்கள். எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது.

பின்னொரு நாள் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனபோது, சர்ச் தெருவில் விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் அக்கா வாசலுக்கு வந்தார். அவன் பம்பாயில் ஏதோ கம்பெனியில் இருக்கிறானாம்.

"பந்து ஆடறானா?"

"அதெல்லாம் எப்பவோ வுட்டுட்டான். நீங்க யாருங்க?"

ஆலையில் கூட வேலை பார்த்தவன் என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.