கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்ட சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலை, ரங்கூனில், தின்கன்ஜூன் வீட்டில்.

இன்று அடக்கம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். போட்டாதாங் ஆபீஸில் எங்களோடு இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறீர்கள்... உங்களுக்கெல்லாம் வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

நுரையீரல். போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கரண்டில் ஓடும் மெஷின்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: காலேஜ் முடித்து நான் முதலில் சேர்ந்த சரக்கு கிளியரிங் ஆபீஸில் அண்ணன்தான் சீனியர் புரோகிராமர். துறைமுக ஜெட்டிக்கு வரும் சரக்கெல்லாம் அவர் எழுதிய கறுப்பு ஸ்கிரீன் புரோகிராமில்தான் பதிவாகும்.

அதை மாற்றிவிட்டுப் புது டேட்டாபேஸ் டூல் வாங்கலாம் என்று முதலாளியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தது நான். டேபிள்களை மவுஸால் இழுத்துப் போட்டு, நடுவில் கோடு வரைந்தால் போதும்... ஃபார்ம் தானாக வந்து நிற்கும். வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

டெமோ அன்று, விற்க வந்த பர்மாக்காரர் கோ மியிண்ட் (கோ என்றால் அண்ணன்) கலர் கலராகக் காட்டினார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அண்ணன் எழுந்து, "நான் ஒரு சரக்கு ஏத்திப் பாக்குறேன்" என்றார்.

கப்பல், பெட்டி நம்பர், சொந்தக்காரர் பேர் எல்லாம் நிதானமாக அடித்தார். சேவ் அழுத்தினார். அழுத்திய கையோடு குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"அமலே! ஐயோ, என்ன வேல செஞ்சீங்க கோ சேவியர்!" கோ மியிண்டுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"நான் எங்க செஞ்சேன்? ரங்கூன் தெனம் செய்யிறதத்தான் செஞ்சேன்."

மறுபடி திறந்தபோது டேபிள்கள் இருந்தன. கோடுகள் இருந்தன. ஆனால் கடைசியாக ஏற்றிய பதிவில் பேர் இருக்க வேண்டிய கட்டம் காலி.

"சரக்கு இருக்கு. சொந்தக்காரனத்தான் காணோம்" என்று முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வந்த ஆத்திரம்... மாடிப்படியில் மடக்கிப் பிடித்து, "பொறாமைதானேண்ணே? உங்க கறுப்பு ஸ்கிரீன் போயிருமேன்னு?" என்று கேட்டேவிட்டேன்.

"போகட்டும் தங்கச்சி. அத எழுதி எனக்கே அலுத்துப் போச்சு." கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு லபெயே டீ வாங்கிக் கையில் கொடுத்தார். "டூல் நல்ல டூல்தான். கரண்டு போகாத ஊருல வாங்கலாம்."

ட்ரையல் வெர்ஷன் தீரும்வரை இரண்டு பேருமாகத் தினமும் சோதித்தோம். நான் டைப் அடிப்பேன், அவர் பிடுங்குவார். அப்புறம் நானும் பிடுங்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் அவசரத்தில் அண்ணன் முதலாளியின் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்... சம்பள ஷீட் முழுக்கக் காலி. காஷியர் அக்கா பல நாள் அவரோடு பேசவில்லை. "விடுங்க, அதுவும் டெஸ்ட்ல ஃபெயில்" என்று வேறு சொன்னார் மனுஷன்.

கடைசியில் அந்த டூலை நாங்கள் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆபீஸில் யார் எது வாங்கினாலும் அண்ணனைக் கடைக்குக் கூட்டிப்போவோம். ரைஸ் குக்கர், எமர்ஜென்சி லைட், எதுவானாலும் கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிளக் இவர் கையில் இருக்கும். அண்ணி மட்டும் எதிர் பிளாட்பாரத்தில் போய் நின்றுகொள்வார். "யாரோ பைத்தியம், எனக்குத் தெரியாது."

ஆனால் வீட்டு இன்வெர்ட்டரை அண்ணன் வாங்கவில்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரும் அவசரத்தில் மகன் வாங்கியிருக்கிறான். ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று கடையில் சொன்னார்களாம். படுக்கையில் இருந்தபடியே அண்ணன் கேட்டிருக்கிறார், "பிளக்கப் பிடுங்கிப் பாத்தியாடா?"

"மெஷின் ஓடிட்டிருக்குப்பா... இப்ப எப்படிப் பிடுங்குறது?"



முந்தாநாள் ராத்திரி கரண்ட் போனது. கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடியது. அப்புறம் அதுவும் நின்றது. டாக்ஸி தேடி ஓடிய மகன் திரும்பி வருவதற்குள்...

கல்லறையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கப்புறம் கரண்டு வந்துச்சு. தெருவே 'மீ லா ப்யீ'ன்னு கத்துச்சு. எங்க வீட்லதான் யாரும் கத்தல."

கரண்ட் திரும்பினால் இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் கத்துவோம். என் மகளுக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி வந்த பேச்சே அதுதான்.

அவளுக்கு வீசிங். மூச்சுத் திணறினால் மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற மெஷின் வைத்திருக்கிறேன். அதற்கென்று போன மாதம் நானும் ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருக்கிறார். கடைக்குக் கூட்டிப்போக அண்ணனும் இல்லை, அப்போது ஆஸ்பத்திரியில்.

அடக்கத்திலிருந்து வந்து கை காலைக் கழுவினேன். அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, சுவரிலிருந்து இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஓடியது. பச்சை விளக்கு சிவப்பானது. சத்தம் இழுத்து இழுத்து... நின்றுவிட்டது. ஒரு தடவை மருந்து கொடுத்து முடிக்கிற நேரம்கூட இல்லை.

அவள் ஓடி வந்து சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிளக்கைத் திரும்பச் சொருகினேன். "மீ லா ப்யீ!" என்று கை தட்டினாள்.

ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம். நல்ல பேட்டரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். நீங்களே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததாக இருந்தால் மட்டும்.

போய் வாங்க அண்ணே.

இங்கே இப்போதைக்குக் கரண்ட் இருக்கிறது.