ஒரு தடவை கூப்பிட்டால்

அடிவாரத்துக் குரங்கணிக்கு இன்னும் மூன்று வளைவுகள் இருந்தன. கடைசி வளைவில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அதனாலேயே மெதுவாக நடந்தேன். ஒரு செருப்பு அறுந்துபோனதால் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில் கிடந்த போனில் அரை நிமிட வீடியோ ஒன்று இருந்தது. அதை வெளியே விட்டால் அக்காவின் ஏலக்காய் விற்றுவிடும்.

அக்கா என்பது மேலே சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருந்த முதலாளியம்மா. புருஷன் போன மழைக்காலத்தில் ஜீப்பு கவிழ்ந்து இறந்துவிட்டார். போடி வியாபாரி கேட்ட விலை பிடிக்காமல், போன் வழியாக நேராக வீடுகளுக்கே விற்றுவிடலாம் என்று அக்கா முடிவு செய்திருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் ஒரு துணிக்கடைக்கு வீடியோ எடுத்த பழக்கம் இருந்தது. அங்கே சம்பளம் நின்றதும் கிளம்பி, கால் போன போக்கில் இங்கே வந்து சேர்ந்தேன். காலையில் களை எடுக்கணும், மதியத்துக்கு மேல் வீடியோ எடுக்கணும், சோறும் படுக்க இடமும் உண்டு என்றார். சரி என்றேன்.

காய் உலர்த்தும் ஸ்டோரில் பதினோரு மூட்டைகள் கிடந்தன. ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் உயிர். வெளுத்துவிட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். அக்கா தினமும் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி, வாசல் வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு கட்டி வைப்பார்.

நான் பூவை எடுத்தேன், உலர்த்துவதை எடுத்தேன். நாற்பது பேர் பார்த்தார்கள். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பேசியதை அதைவிடக் குறைவானவர்கள்தான் பார்த்தார்கள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மூடுபனி இறங்கினால் அந்தச் சரிவில் பக்கத்து ஆள் தெரியாது. காய் எடுக்கிற பெண்கள் கூவிக் கூவித்தான் இடம் தெரிந்துகொள்வார்கள். மூன்று தடவை கூவினால்தான் பதில் கொடுப்பார்கள். ஒரே தடவை கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் வந்த வாரமே ஒருத்தி சொல்லிவைத்தாள்.

"மலை மிஸ்டு கால் குடுக்கும் மாப்ளே. எடுத்துத் தொலைச்சிராத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒருநாள் செடியின் தூரில் காய்ச் சரத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒரு கூப்பாடு வந்தது. பழக்கமில்லாதவன், "ஓய்" என்றுவிட்டேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வளைவுக்கு இறங்கி வந்து அந்த வீடியோவை அப்படியே போட்டேன். மறுநாள் மதியம் இறங்கியபோது போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. லட்சம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். என் "ஓய்"க்குப் பிறகு யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றார்கள். "வா" என்று கேட்கிறது என்றார்கள். காதில் வைத்துக் கேட்டேன். எனக்கும் கேட்டது. அன்றைக்கு அந்தச் சரிவுக்குக் கீழே யாருமே போகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள்.

நூறு பேர் இடத்தைக் கேட்டால் நாலு பேர் ஏலக்காய் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களாலேயே அந்த வாரம் இரண்டு மூட்டை காலியானது. அக்கா முதலில் சிரித்தார். பிறகு போனை வாங்கி ஒருமுறை கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவரு இப்பிடித்தான், ஒரு தடவைதான் கூப்பிடுவாரு. பொறுமை கெடையாது."

அடுத்த வீடியோக்களை மறுபடி நாற்பது பேர்தான் பார்த்தார்கள். செடிக்குள் ஒளிந்து நானே கூவி ஒன்று எடுத்தோம். அதற்கும் அதே கதி. மீதிக் காயின் பச்சை ஓரங்களில் மங்கிக்கொண்டிருந்தது. நான் கிளம்பிய அன்று காலை அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: பனி இறங்கியதும் அந்தச் சரிவில் போய் நில், ஒரு தடவை கேட்டால் பதில் சொல்லு.

போனேன். போனை ஓடவிட்டு நின்றேன். ஒரு கூப்பாடு வந்தது, இந்த முறை பக்கத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, அக்காவின் குரலில்:

"இந்தா, வர்றேன்."

திரும்பினேன், யாரும் இல்லை. ஸ்டோருக்கு ஓடினேன். அக்கா மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று கூட இருந்த இரண்டு பெண்கள் சொன்னார்கள். ஏதாவது கேட்டதா என்றார் அக்கா. இல்லை என்றேன். துணிப்பையை எடுத்துக்கொண்டு, வேறு சோலி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் தடுக்கவில்லை.

கடைசி வளைவுக்கு வந்தேன். டவர் கிடைத்தது. வீடியோவை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு குரலும் அதில் இருந்தன. இதை வெளியே விட்டால் ஒன்பது மூட்டையும் விற்றுவிடும். அதன்பிறகு அந்த "வர்றேன்" லட்சம் பேர் போனில் ஓடிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது அக்காவும் கேட்பார். கேட்டால் அந்தக் கூப்பாட்டுக்குப் போய்விடுவார் என்று தோன்றியது. அழித்தேன்.

போடிக்கு பஸ்சு ஏறி, அக்காவுக்குப் பிடிக்காத அந்த வியாபாரியின் கடைக்குப் போனேன். அக்காவிடம் ஒன்பது மூட்டை இருக்கிறது, இன்னும் பச்சை போகவில்லை, நீங்களே ஜீப்பு அனுப்பிக் கேளுங்கள், கொடுப்பார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விக்க வந்தியா, வேலை கேட்டு வந்தியா?"

இரண்டுக்கும்தான் என்றேன்.

மறுநாள் காலை அவருடைய ஜீப்பில் லோடு ஏற்றும் ஆளாகச் சேர்ந்தேன். முதல் சோலியே அந்த ஒன்பது மூட்டைதான். பனி மூடிய முதல் வளைவில் டிரைவர் அண்ணன் மூன்று தடவை ஹாரன் அடித்தார். எதற்கு மூன்று என்று நான் கேட்கவில்லை.