தண்ணீர் ஊற்றும் முன்

எங்கள் மாடியில் இருக்கும் தையல்கார அக்காவுக்கு வாய் நீளம். டாக்டர் பேச்சை எடுத்தாலே மிஷினை நிறுத்திவிட்டு, "என் பிள்ளைய முழுங்கின படுபாவி!" என்பாள். மலேரியாவுக்கு அவர் கொடுத்த மாத்திரையில் மூத்தவன் பிழைத்தான். அதையே விழுங்கிய நடுப்பிள்ளைக்குச் சிறுநீர் கருத்தது, பிள்ளை போய்விட்டான்.

பிறகு கடைக்குட்டிக்கும் மலேரியா. ரத்தத்தைச் சோதித்த நர்ஸ், "இவனுக்கு அந்த மாத்திரை ஆகாதும்மா, ரத்தம் உடைஞ்சிடும். பிறவியிலேயே இருக்கறது, அம்மா வழியா வர்றது" என்றாள்.

"என்கிட்டேருந்தா?"

வேறு மருந்தில் அவன் தேறினான். அதோடு அக்கா டாக்டரைத் திட்டுவது நின்றது. மீசை முளைத்த பிறகும் அவன் கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்று, "தண்ணி ஊத்திடாதடா, அம்மா பார்க்கணும்" என்பாள். "மானத்த வாங்காதம்மா!" என்று அவன் கத்துவான். நாங்கள் சிரிப்போம்.

நேற்றும் அந்தக் குரல் கேட்டது. கடைக்குட்டி எங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்கா நின்றிருந்த கழிப்பறைக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே யாருமில்லை.