வெயிலில் வைத்த பெட்டரி

சூசை செத்துப்போனார். புளத்கொகுபிட்டிய டவுனில் காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிகேஷன் கடை வைத்திருந்த சூசை... காலையில்தான் செய்தி வந்தது.

அதற்குள் முகநூல் முழுக்க அவர் படம். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன் என்று கீழே வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். போடுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் போடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். சாமான் சுற்றி வந்த பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்... பொய் இருக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவரிடமும் போன் கிடையாது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் சூசை கடைக்குத்தான் கோல் எடுப்பார்கள். அவர் மலைக்கு ஆள் அனுப்புவார், நாங்கள் விழுந்தடித்து இறங்கி ஓடுவோம்.

பிள்ளைகளின் நம்பர்களை எல்லாம் ஒரு டிஜிட்டல் டயரியில் வைத்திருந்தார். உள்ளங்கை அளவு மெஷின். மூடியைத் திறந்தால் சின்னச் சின்ன பட்டன்.

ஒரே பெயரில் பலர் இருந்ததால் தோட்டத்தில் எந்தப் பிரிவு, எந்த லயம் என்று சேர்த்து "மேக்கணக்கு ராணி", "ஸ்டோர் லயத்து ராணி" என்று அடித்து வைப்பார். மேக்கணக்கு ராணி என் மகள். குவைத்தில் இருந்தாள்.

ஓர் அடைமழை நாளில் ராணி கோல் எடுத்திருக்கிறாள். வேலை செய்யும் வீடு மாறிவிட்டது, இதுதான் புது நம்பர் என்று சொல்லியிருக்கிறாள். மழையில் ஆள் அனுப்ப முடியாமல் சூசையே அதை மெஷினில் அடித்துக்கொண்டார்.

மழை விட்டதும் கடைக்குப் போனேன். நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"துண்டு எதுக்குண்ணே? லயத்துக் கூரை ஒழுகுனா நனைஞ்சிரும். இது நனையாது, கிழியாது, எலி கடிக்காது."

"எலி கடிச்சாலும் பாதியாச்சும் மிஞ்சும். எழுதித் தா சூசை."

"அண்ணனுக்கு மெஷின்னாலே ஆகாது!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எழுதித் தரவில்லை.

கொஞ்ச காலத்தில் என் மனைவி லெட்சுமி படுத்துவிட்டாள். கேகாலை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள்.

வேனில் படுக்க வைத்துக் கொண்டு வந்தோம். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்... "ராணி கொரல ஒருக்கா கேட்டுட்டுப் போவோங்க."

சூசை கடை வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

மெஷின் முதுகு திறந்து கிடந்தது. அதன் பெட்டரிகள் வாசலில், ஒரு தகரத் துண்டின் மேல், வெயிலில்...

ரேடியோ பெட்டரி, டோர்ச் பெட்டரி இறங்கினால் எங்கள் தோட்டங்களில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. சூடேறினால் இன்னும் நாலு நாள் ஓடும்.

நான் ராணி நம்பரைக் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வந்து மாட்டினார். ஸ்கிரீன் வந்தது. தேதி கேட்டது, நேரம் கேட்டது. பெட்டரிகளை எல்லாம் ஒன்றாகக் கழற்றியதில் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது, ஒரு பெயர் கூட இல்லை.

"என்ன சூசை?"

"ஒன்னுமில்லண்ணே... இப்ப வந்துரும்." பட்டனை மாறி மாறி அமுக்கினார். "ரேடியோவுக்கு இப்படித்தானேண்ணே வப்போம்..."

"ரேடியோவுக்குள்ள என் மக நம்பரா இருந்துச்சு?"

வேனுக்குள்ளிருந்து லெட்சுமி கேட்டாள்: "கோல் கெடச்சிருச்சாங்க?"

லைன் பிஸி என்றேன்.

"அப்ப கொஞ்சம் நிப்போங்க."

நின்றோம்.

சூசை அன்றைக்கே கேகாலைக்கு பஸ் ஏறி, மணிக்கூடு திருத்தும் கடையில் மெஷினைக் காட்டியிருக்கிறார். "அய்யே, மேக்கே மொகுத் நே" என்று சிங்களத்தில் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டானாம் கடைக்காரன். இதற்குள் ஒன்றுமே இல்லை என்று.

நான் கொழும்பு ஏஜென்சியில் விசாரித்தேன். பழைய வீட்டு நம்பரையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அதற்கு அடித்துப் பார்த்தால் அந்த வீட்டில் யாரும் போனைத் தூக்கவில்லை.

லெட்சுமி அந்தக் கிழமை முடியுமுன்னேயே போய்விட்டாள். கடைசி வரைக்கும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், கடையிலிருந்து ஆள் வருமென்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சூசை மூச்சிரைக்க மலையேறி வந்தார். வேறு ஆள் அனுப்பவில்லை. அவரே.

"அண்ணே... ராணி கோல் எடுத்துச்சு. திரும்ப எடுக்குதாம். அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லுது."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வாய் வரலண்ணே. நீங்க வந்து சொல்லுங்க."

"நான் வரமாட்டேன். நம்பரத் தொலைச்சவன் நீ. நீயே சொல்லு."

அவர் இறங்கிப் போனார். நான் போகவில்லை.

அது தப்பு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு இன்றைக்கும் அப்படித் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவரோடு பேச்சே கிடையாது. கல்யாண வீட்டில், திருவிழாவில் நேரே வந்து "சாப்டீங்களாண்ணே" என்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த தடவையும் வந்து கேட்பார்.

இன்று காலை எனக்குச் செய்தி சொன்னதே ராணிதான். இப்போது கொழும்பில் இருக்கிறாள்.

"அடக்கத்துக்குப் போங்கப்பா."

"எனக்கு அங்க என்ன இருக்கு?"

"அன்னிக்கு அம்மா போனதச் சொல்லிட்டு அவரு போன வைக்கலப்பா. நான் அழுது முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்தாரு. அவரும் அழுதாரு. நீங்க அப்ப எங்கப்பா இருந்தீங்க?"

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை மாலை அடக்கமாம். வருவேன். ராணி பேரில் ஒரு பிடி மண் போடுவேன். என் பேரில் போடுவேனா என்று தெரியாது... அங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

போ, சூசை.